நட்சத்திரத்துக்கு முதுகு காட்டி நின்றவர்

பாகிஸ்தானோடு நடந்த சண்டை ஓய்ந்து, டீக்கடை ரேடியோவைச் சுற்றி நின்ற கூட்டம் கலைந்துபோன ஐப்பசி மாதம் அது. வால் நட்சத்திரம் தெரிந்த வருஷம் என்று சொன்னால் என் வயசுக்காரர்களுக்கு இன்னும் சீக்கிரம் புரியும். விடிவதற்கு முன்னால் கீழ்வானத்தில், தென்னந்துடைப்பத்தைத் தலைகீழாக நிறுத்தி வைத்ததுபோல வெள்ளையாக நீண்டு நிற்கும். மேல்சித்தாமூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். மழை விட்டிருந்த ஒரு விடியற்காலையில் அந்த ஊர் ஏரிக்கரையில், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டும் கையில் பிடித்துக்கொண்டும் ஊரே கிழக்கு முகமாக நின்றது. நானும் நின்றேன். ஒரே ஒரு ஆள் மட்டும் அந்த நட்சத்திரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பி நின்றார். சேறு படாமல் பேன்ட்டை முழங்கால் வரை மடித்து விட்டிருந்தார். கழுத்தில் ஒரு மப்ளர். அவர்தான் கண் டாக்டர்.

அவர் ஏன் அப்படி நின்றார் என்று சொல்லத்தான் தொடங்குகிறேன். ஆனால் சுற்றிச் சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. செஞ்சி பஸ் ஸ்டாண்டில் ஜட்கா ஓட்டியவன். நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். என் பேச்சை அப்படியே எழுதினால் புத்தகத்துக்கு ஆகாதாம், சீர்பண்ணி எழுதுகிறாள். வார்த்தையை எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள், விஷயத்தை மாற்றாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

என் குதிரையைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். நல்ல வெள்ளைக் குதிரை. இடது கண்ணில் பார்வை கிடையாது. பால் ஊற்றிய மாதிரி நீலம் பாய்ந்திருக்கும். என் நைனா, அதாவது என் அப்பா, அதைச் சந்தையில் வாங்கியபோது விற்றவன் கண்பட்டையை அவிழ்க்கவே இல்லை. வீட்டுக்கு ஓட்டி வந்து, தண்ணீர் காட்டப் பட்டையைக் கழற்றிய பிறகுதான் தெரிந்தது. நைனா நாலு நாள் யாரோடும் பேசவில்லை. அப்புறம் பழகிவிட்டது. மற்ற குதிரைகளைப்போல லாரியைக் கண்டு மிரளாது. வேடிக்கை பார்க்காது. போகச் சொன்ன வழியில் போகும்.

டாக்டர் முதல் தடவை மெட்ராஸ் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது நாங்கள் வண்டிக்காரர்கள் எல்லோரும் ஓடினோம். அவரோடு ஒரு சின்ன டாக்டரும், ஒரு தகரப் பெட்டியும். மற்றவர்கள் பெட்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்க, அவர் நேரே என் குதிரையிடம் போனார். கண்பட்டையை லேசாகத் தூக்கினார். இடது கண்ணுக்கு எதிரே விரலை ஆட்டினார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இந்தக் கண்ணு தெரியாது போலிருக்கே."

"தெரியாது சார். அதனாலதான் பராக்குப் பாக்காம ஒழுங்காப் போவுது."

அவர் சிரித்துவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தார். பின்னாலிருந்து எங்கள் ஆட்கள் விடவில்லை. "இன்னாடா, சவாரி காசு வேணாம், குதிரைக்குக் கண்ணு போட்டுக் குடுங்கன்னு கேட்டியா?" என்றான் ஒருவன். அதற்குப் பிறகு எப்போது வந்தாலும் அவருக்கு என் வண்டிதான். இரண்டு வருஷத்துக்கு மேல் அப்படி ஓட்டியிருக்கிறேன். அவ்வளவு படித்த மனிதருக்குக் குதிரை என்றால் உள்ளூரப் பயம். அது தும்மினால்கூட வண்டிச் சட்டத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்.

பாதி தூரம் பேசமாட்டார். மீதி தூரம் நிறுத்தமாட்டார். அப்படிப் பேசியதில் தெரிந்துகொண்டதுதான் அவருடைய கதை. அவருடைய அப்பா ரயில்வேயில் சிக்னல் கம்பி இழுக்கிற வேலையில் இருந்தவராம். எத்தனையோ வருஷம் ஒரு தவறில்லாமல் பார்த்த வேலை. ஒருநாள் புது அதிகாரி வந்து எல்லாருக்கும் கண் சோதனை வைத்தபோது, அவருக்குச் சிவப்பும் பச்சையும் ஒரே நிறமாகத் தெரிவது வெளியே வந்துவிட்டது. எந்தக் கம்பியை இழுத்தால் எந்த வண்டி நிற்கும் என்று கைக்குத் தெரிந்திருந்ததால் அவருக்கு நிறமே தேவைப்படவில்லை. வேலையை மாற்றி, சரக்குக் கொட்டகையில் மூட்டை எண்ண விட்டுவிட்டார்கள். "ஏம்பா இத்தனை வருஷம் சொல்லலைன்னு கேட்டேன். யாரும் கேக்கலையேடான்னாரு," என்பார் டாக்டர். அந்த வார்த்தையை வண்டியில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அப்போதுதான் கண்ணைப் படிப்பது என்று முடிவு செய்தாராம். மெட்ராஸில் படித்து, உபகாரச் சம்பளத்தில் சீமைக்குப் போய் மேலே படித்து, அங்கேயே இருக்கச் சொன்னதையும் விட்டுவிட்டுத் திரும்பி வந்து, மெட்ராஸில் டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு வாத்தியாராக இருந்தார்.

செஞ்சியில் முதலில் அவரைப் பற்றி ஒரு வதந்தி கிளம்பியது. கூட வருகிற சின்ன டாக்டர்கள் கத்தி பிடித்துப் பழக, கறிக்கடையில் ஆட்டுக் கண்களை மட்டும் கேட்டு வாங்குவார். கறிக்கடைக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கண்ணை மட்டும் வாங்கிட்டுப் போறாரே, கொழம்பு வெக்கிறதுக்கா?" என்று கேட்டார். மெட்ராஸில் அதுதான் இப்போது நாகரிகம் என்று நான் சொல்லி வைத்தேன். அவர் நம்பிவிட்டார். ஒரு மாதம் தானும் சமைத்துப் பார்த்தார் என்று கேள்வி.

அவர் எங்கள் பக்கம் வந்தது எதற்கென்றால், அந்தக் காலத்தில் மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்கு நம் பக்கத்திலிருந்து தூக்கிக்கொண்டு போகிற குழந்தைகளில் பலதுக்குக் கருவிழியே கரைந்துபோயிருக்கும். ரெண்டு வயசு, மூணு வயசுப் பிள்ளைகள். கரைந்த கண்ணுக்கு மருந்து கிடையாது. "ஆஸ்பத்திரியில ஒக்காந்துக்கிட்டு இருந்தா போன கண்ணத்தான் பாக்கலாம். போறதுக்கு முன்னால பாக்கணும்னா வீட்டுக்குத்தான் போவணும்," என்பார். கண் போவதற்கு முன்னால் மாலைக்கண் வரும். வெளிச்சம் மங்கினால் பிள்ளைக்குக் கண் தெரியாது. அப்போதே பிடித்துவிட்டால் ஒரு மருந்திலும் சாப்பாட்டிலும் சரியாகிவிடும். இதுதான் அவர் சொன்னது. எனக்கே புரிந்தது என்றால் பாருங்கள்.

அதனால் ஊர் ஊராகப் போவோம். தகரப் பெட்டியைத் திறந்து, டார்ச் அடித்து, கட்டைவிரலால் இமையை மேலே தள்ளிப் பார்ப்பார். முரட்டுக் கை போலிருக்கும், ஆனால் அந்தக் கைக்கு எந்தப் பிள்ளையும் அழுது நான் பார்த்ததில்லை. பார்த்து முடித்து அம்மாக்காரியிடம் ஒரு கேள்வி கேட்பார். எல்லா வீட்டிலும் அதே கேள்விதான். "பொழுது சாஞ்சப்புறம் சோறு போட்டா, புள்ள தட்டைத் தடவுதாம்மா?" மாலைக்கண் பிள்ளைக்கு மங்கலான விளக்கு வெளிச்சம் போதாது, சோறு எங்கே இருக்கிறது என்று கையால் தேடும். எந்த அம்மாவும் அதைக் கவனித்திருப்பாள். வல்லம் பக்கத்து ஊர்களில் எத்தனையோ பேர், ஆமாங்க, தடவுது, மந்தமான பிள்ளையோ என்று அடிக்கக்கூடச் செய்தேன் என்று சொல்லி அழுதிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கெல்லாம் அங்கேயே மருந்து ஊற்றுவார். சுறாமீன் ஈரலிலிருந்து எடுத்த எண்ணெய். வண்டியே நாறும்.

நான் சொன்ன அந்தச் சின்ன ஊர் நயினார் வீடுகள் உள்ள ஊர். நயினார் என்றால் நம் பக்கத்துச் சமணக் குடும்பங்கள். பரம்பரையாக இங்கேயே நிலம் வைத்து உழுகிறவர்கள். மீன், கறி தொடமாட்டார்கள். தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்பார்கள். இருட்டில் விளக்கு வைத்துச் சாப்பிட்டால் பூச்சி விழுந்து சாகும் என்று, பொழுது இருக்கும்போதே சாப்பாட்டை முடித்து அடுப்பை அணைத்துவிடுவார்கள். மழைக்காலத்தில் கீரையில் புழு இருக்கும் என்று கீரையும் ஆய்வதில்லை. அந்த ஊரில் டாக்டர் தங்கி வேலை பார்க்க இடம் கொடுத்தது ஒரு நயினார். கல்யாணமாகி வெகுநாள் கழித்துப் பிறந்த ஒரே பெண் குழந்தை அவருக்கு. மூன்று வயசு இருக்கும். டாக்டர் போனால் சாயந்திரம் வெயில் இருக்கும்போதே இலை போட்டுவிடுவார்கள். அந்த வீட்டுத் துவரம்பருப்புக் குழம்பை டாக்டர் மெட்ராஸ் வரைக்கும் புகழ்ந்துகொண்டே போவார்.

அந்த ஊரில் எந்த வீட்டில் கேட்டாலும், பிள்ளை தட்டைத் தடவுவதில்லை என்றுதான் பதில் வந்தது. ஒரு வீடு பாக்கியில்லாமல் அதே பதில். பக்கத்து ஊர்களில் அத்தனை பிள்ளைகளுக்கு இருக்கிற மாலைக்கண் இந்த ஊரில் ஒருத்தருக்கும் இல்லை. டாக்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இந்த வீடுகளின் சாப்பாட்டில் ஏதோ ரகசியம் இருக்கிறது, அதைக் கண்டுபிடித்தால் எல்லாப் பிள்ளைகளையும் காப்பாற்றிவிடலாம் என்றார். பருப்பா, நெய்யா, தண்ணீரை வடிகட்டுவதா என்று ரெண்டு போகம் அதையே யோசித்துக்கொண்டிருந்தார். டில்லியில் பெரிய பெரிய டாக்டர்கள் கூடுகிற கூட்டத்தில் தை மாதம் இதைப் பேசப்போகிறார் என்று சின்ன டாக்டர் பெருமையாகச் சொன்னார்.

அந்த வருஷம் புரட்டாசி கடைசி. மழை பிடித்துக்கொண்டதால் வல்லத்திலிருந்து புறப்படவே நேரமாகிவிட்டது. நாங்கள் நயினார் வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது இறங்கிவிட்டது. வெளிச்சம் முழுக்கப் போகவில்லை, ஆள் முகம் தெரிகிற நேரம். அடுப்பு அணைந்துவிட்டது. சாப்பாடு போட முடியவில்லையே என்று நயினாருக்கு வருத்தம். வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார். படுக்க வைத்திருந்த பாப்பா அப்பா குரலைக் கேட்டு எழுந்து வந்துவிட்டாள். திண்ணையை ஒட்டிய குறட்டிலிருந்து இறங்கி, குரல் வந்த பக்கமாக நேரே நடந்தாள். நடுவில் என் குதிரை நின்றது. குழந்தை நிற்கவில்லை, விலகவில்லை. குதிரையின் முன்னங்காலில் போய் மோதி, அதன் வயிற்றுக்கடியில் விழுந்தாள்.

குதிரை ஒரு எட்டு வைத்திருந்தால் முடிந்தது. ஆனால் அவள் வந்தது இடது பக்கம். அதற்குத் தெரியாத பக்கம். அதனால் மிரளாமல் கல்லு மாதிரி நின்றது. நான் குனிந்து பாப்பாவை இழுத்து எடுத்தேன். நயினார் குழந்தையை வாங்கி மார்பில் அணைத்துக்கொண்டு, "ஒண்ணும் இல்ல, தூக்கக் கலக்கம். ராவுல எழுந்தா இப்டித்தான் முட்டிக்கும்," என்றார்.

டாக்டர் வண்டியிலிருந்து இறங்கினார். குதிரைக்குப் பயப்படுகிற மனுஷன், அதன் பக்கத்திலேயே வந்து நின்றார். கொஞ்ச நேரம் அதன் வெள்ளை உடம்பையே பார்த்தார்.

"குதிரைக்குப் பாப்பா தெரியல, சரி," என்றார் மெதுவாக. "பாப்பாவுக்கு ஏன் இவ்வளவு பெரிய வெள்ளைக் குதிரை தெரியல?"

அவர் மண்ணில் உட்கார்ந்து குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டார். சாவிக் கொத்தை எடுத்துச் சத்தம் வராமல் அவள் முகத்துக்கு எதிரே ஆட்டினார். அவள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டார்ச் அடித்து இமையைத் தூக்கினார். வெள்ளை விழியில் சோப்பு நுரை காய்ந்து ஒட்டிய மாதிரி இருந்தது. இடது கருவிழியின் ஓரத்தில் மினுமினுப்பு போய், மூச்சுக் காற்று பட்ட கண்ணாடிபோல மங்கியிருந்தது. போன மாதம் அவளுக்கு வயிற்றுப்போக்கு, பசுவும் பால் வற்றிவிட்டது, வெறும் கஞ்சிதான் குடிக்கிறாள் என்று நயினார் சொன்னார்.

"தட்டைத் தடவலைன்னு சொன்னீங்களே," என்றார் டாக்டர்.

"தடவலீங்களே. வெயில்லதான துன்னுது."

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த வீட்டில் வெயில் வெளிச்சத்தில் உட்கார்ந்து எத்தனை முறை சாப்பிட்டவர் அவர். பொழுது சாய்ந்தபின் சோறே போடாத ஊரில் போய், பொழுது சாய்ந்தபின் சோற்றைத் தடவுகிறதா என்று கேட்டிருக்கிறார். அவர்கள் உண்மையைத்தான் சொன்னார்கள். இருட்டும் முன்னே பிள்ளைகளும் படுத்துவிடுகின்றன. மாலைக்கண் இருந்தாலும் யார் கண்ணில் படும்?

சின்ன டாக்டர் மருந்துப் பெட்டியைத் திறந்தார். மீன் எண்ணெய் வாடை வந்தது. டாக்டர் அவர் கையைப் பிடித்து வண்டிக்குப் பின்னால் அழைத்து வந்தார். நான் அங்கேதான் நின்றேன்.

"இவங்க இதத் தொடமாட்டாங்க."

"சொல்லாமலே ஊத்திடலாம் சார். கண்ணு போற விஷயம். என்ன எண்ணெய்ன்னு யாரு கேக்கப் போறா?"

"யாரும் கேக்கலைன்னா சொல்ல வேணாமா?" என்றார் டாக்டர். அவருடைய அப்பா ஞாபகம் வந்திருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். "நான் தப்பாக் கேட்டேன், அவங்க நெசத்தச் சொன்னாங்க. இப்ப நான் பொய் சொல்லட்டுமா?"

வாசலுக்குப் போய் நயினாரிடம் சொன்னார். குரலை உயர்த்தவில்லை, எதையும் மறைக்கவில்லை. பாப்பாவின் இடது கண் கரையத் தொடங்குகிற நிலையில் இருக்கிறது. கையில் இருக்கிற மருந்து மீன் ஈரல் எண்ணெய், இப்போதே கொடுக்கலாம். மீன் சம்பந்தமில்லாமல் மருந்துக் கம்பெனியில் செய்கிற ஊசி ஒன்று உண்டு, அது மெட்ராஸில் அவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறது, தானே போய்க் கொண்டுவருவதாகச் சொன்னார். கதவுக்குப் பின்னால் நின்ற அந்த வீட்டம்மாதான் கேட்டாள்.

"அது வர்ற வரிக்கும் கண்ணு தாங்குமா?"

"ஒரு நாள் தாங்கும்னு நெனைக்கிறேம்மா. அடிச்சிச் சொல்லமாட்டேன்."

"தாங்கலைன்னா?"

"போயிடும்."

பிறகு அவள் சொன்னாள். "நாளைக்குப் பொழுது சாயற வரிக்கும் பாக்கறேன். சூரியன் எறங்குறதுக்குள்ள நீங்க வரலைன்னா, அந்த எண்ணெய நானே என் கையால ஊத்தறேன். பாவம் எனக்கு வரட்டும், கண்ணு அதுக்கு இருக்கட்டும்."

நயினார் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். மறுக்கவில்லை.

சின்ன டாக்டரை அங்கேயே விட்டுவிட்டு, டாக்டர் வல்லத்தில் ஒரு மல்லாட்டை லாரியை நிறுத்தி, மூட்டைமேல் ஏறி உட்கார்ந்து போனார். மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. சீமை பார்த்த மனுஷன். மறுநாள் மத்தியானத்திலிருந்து நான் வல்லத்தில் வண்டியோடு காத்திருந்தேன். ஒரு பஸ் வந்தது, அவர் இல்லை. இன்னொன்று வந்தது, இல்லை. வெயில் மஞ்சளாகிக்கொண்டே வந்தது. செஞ்சி மலைகள் பக்கம் சூரியன் இறங்க இறங்க, நான் வண்டியை ஊர்ப் பக்கம் திருப்பித் தயாராக நிறுத்திக்கொண்டேன். அப்போதுதான் திண்டிவனம் பக்கமிருந்து வந்த ஒரு பஸ்ஸின் படியில் நின்றபடியே வந்து குதித்தார். சட்டைப் பையில் கைக்குட்டை சுற்றிய சின்னக் குப்பி. வழியில் ஒரு வாய்க்கால் உடைத்துக்கொண்டு பஸ்கள் நின்றுவிட்டனவாம், தண்ணீரில் நடந்து இந்தப் பக்கம் வந்து பஸ் மாறியிருக்கிறார்.

குதிரை மிரண்டாலும் பரவாயில்லை, விரட்டு என்றார். நான் அதை அடித்ததேயில்லை, அன்றைக்கும் அடிக்கவில்லை. குரல் கொடுத்தேன், ஓடியது. வலது கைப் பக்கம் சூரியன் பனைகளுக்கு நடுவே எங்களோடு ஓடிவந்தது. வண்டிச் சட்டத்தைப் பிடிக்க மறந்து, ரெண்டு கையாலும் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டிருந்தார் டாக்டர். ஊருக்குள் திரும்பியபோது அந்த அம்மா வாசலில் மேற்குப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மடியில் பாப்பா. கையில் கரண்டி, கரண்டியில் எண்ணெய். எங்களைப் பார்த்ததும் அவள் எழுந்திருக்கவில்லை. அந்தக் கரண்டியை மெதுவாகப் பக்கத்தில் இருந்த கிண்ணத்தில் சாய்த்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. ஊசி போட்டு முடித்து டாக்டர் சொன்னது ஒன்றுதான். "நம்மால ஆனது முடிஞ்சுது. இனிமே அந்தக் கண்ணுதான் சொல்லணும்."

திரும்பும்போது வண்டியில் சின்ன டாக்டர் தயங்கித் தயங்கிக் கேட்டார். டில்லிக் கூட்டத்தில் என்ன பேசுவது? ரெண்டு போகத்து வேலை தப்பு என்று சொன்னால் உங்கள் பேர் போய்விடுமே என்றார். "பேர் என்ன கண்ணு மாதிரியாய்யா, போனாத் திரும்பி வராம இருக்க?" என்றார் டாக்டர். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஆனால் வேறொரு கவலை அவரைப் பிடித்துக்கொண்டது. அந்த ஊரில் மற்றப் பிள்ளைகளை எப்படிக் கண்டுபிடிப்பது? நுரை தட்டாத கண்ணிலும் மாலைக்கண் இருக்கலாம். கேட்டுத்தான் தெரிய வேண்டும், கேட்க அவரிடம் கேள்வி இல்லை. அப்போதுதான் வால் நட்சத்திரம் வந்தது. செஞ்சி டீக்கடையில் எல்லோரும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தபோது, டம்ளரை வைத்துவிட்டு எழுந்து நின்றார். அப்படியே நயினார் வீட்டுக்கு ஓட்டச் சொன்னார். பிள்ளைகளை எல்லாம் விடியுமுன்னே ஏரிக்கரைக்குக் கூட்டி வர வேண்டும், நட்சத்திரத்தைக் காட்ட வேண்டும் என்றார். ஊர்ப் பெரியவர் ஒருவர் ஒத்துக்கொள்ளவில்லை. "வால் நச்சத்திரத்தப் புள்ளைங்க பாக்கக் கூடாதும்பாங்க, டாக்டரய்யா." டாக்டர் சிரித்தார். "பாக்கக் கூடாதுன்னு நீங்க கவலைப்படுறீங்க. எந்தப் புள்ளையால பாக்க முடியலைன்னு நான் கவலைப்படுறேன்." நயினார்தான் வீடு வீடாகப் போய்ச் சொன்னார். தன் பெண்ணை முதலில் தூக்கி வருவதாகவும் சொன்னார்.

அதன்பிறகு நடந்த மற்றதையும் சொல்லிவிட்டு ஏரிக்கரைக்கு வருகிறேன். தை மாதம் டில்லிக்குப் போனார். ரகசியம் கண்டுபிடித்ததாகப் பேச வேண்டிய இடத்தில், தான் கேட்ட கேள்வி தப்பு என்று பேசினார். சிலர் சிரித்தார்களாம். அதன்பிறகு கேள்வியை வீட்டுக்கு வீடு மாற்றிக் கேட்க ஆரம்பித்தார். மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தில் கடை போடுகிறவர்களிடம் ஒரு விதமாக, வயலில் பரம்படிக்கப் போகிறவர்களிடம் ஒரு விதமாக. நயினார் வீடுகளில் நோன்பைத் தொடாமல், பப்பாளியும் மஞ்சளாகப் பழுத்த பரங்கியும் மாம்பழமும் கொடுக்கச் சொன்னார். அந்த ஊரில் இன்றைக்கும் வீட்டுக்கு ஒரு பப்பாளி நிற்கும். பிற்பாடு அவர் பெரிய பதவிக்குப் போனார், பல தேசங்களுக்குப் போனார் என்று கேள்விப்பட்டேன். கடைசியாக வந்தபோது என் குதிரை இல்லை, நான் மல்லாட்டை மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். மண்டிக்கே வந்து, குதிரை எப்போது செத்தது என்றுதான் முதலில் கேட்டார்.

அவர் காலமானது எனக்கு வெகுநாள் தெரியாது. செஞ்சிப் பள்ளிக்கூடத்தில் நடந்த ஒரு கண் முகாமில், எனக்குப் புரை பார்த்த நடுவயசு டாக்டரம்மா ஒருத்தர் சொல்லித்தான் தெரிந்தது. பேச்சுவாக்கில் நான் ஜட்கா ஓட்டியதைச் சொன்னேன். அந்த அம்மா கையில் இருந்த டார்ச்சைக் கீழே வைத்துவிட்டார். "வெள்ளைக் குதிரையா? ஒரு கண்ணு தெரியாத குதிரையா?" என்றார். நம் டாக்டரிடம் படித்தவராம் அந்த அம்மா. டாக்டர் வகுப்பெடுத்த காலம் முழுக்க, ஒவ்வொரு வருஷமும் புதுப் பிள்ளைகளுக்கு முதல் வகுப்பில் இந்தக் கதையைத்தான் சொல்வாராம். சாமர்த்தியமாகப் பண்ணிய எத்தனையோ ஆபரேஷன் இருக்க, தான் ஏமாந்த கதையைச் சொல்லி ஆரம்பிப்பாராம். எனக்குப் புரை எடுக்கும் முன்பே கண் கலங்கிவிட்டது.

இப்போது மாதாமாதம் சுகாதார நிலையத்திலிருந்து ஒரு பெண் கையில் போனோடு எங்கள் தெருவுக்கு வருகிறாள். நல்ல பெண். சர்க்கரை, பிரஷர் எல்லாம் கேட்டுப் போனில் தட்டிக்கொள்கிறாள். போன மாதம், "தாத்தா, ராத்திரி டிபனுக்கு முன்னாடி போடுற மாத்திரைய ஒழுங்காப் போடுறீங்களா?" என்று கேட்டாள். ஒரு நாளும் விட்டதில்லை என்றேன். உண்மைதான். நான் ராத்திரி டிபன் சாப்பிட்டால் போட்டுக்கொள்வேன், பாதி நாள் நான் ராத்திரியில் சாப்பிடுவதே இல்லை. அவள் அதைக் கேட்கவில்லை. தட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் போன பிறகுதான் எனக்குச் சுரீர் என்றது. அன்றைக்கே பேத்தியைக் கூப்பிட்டு இதை எழுது என்றேன்.

சரி, ஏரிக்கரை. பிள்ளைகளை ஒருவர் பின் ஒருவராக முன்னால் கொண்டுவந்து நிறுத்த வேண்டும், பெற்றவர்கள் கை நீட்டிக் காட்டக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது என்பது டாக்டரின் கட்டளை. "பாப்பா, வால் எங்க இருக்குது, காட்டு," என்று மட்டும் கேட்பார். கேட்டுவிட்டு, பிள்ளையின் கண்ணையும் விரலையும் பார்ப்பார். அதற்குத்தான் அவர் நட்சத்திரத்துக்கு முதுகு காட்டி நின்றது. முதலில் வந்தது நயினார் பெண்தான். தூக்கி வந்த அவள் அம்மா அவளைக் கரையில் இறக்கிவிட்டுவிட்டு, தன் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். டாக்டர் குனிந்து கேட்டார். பாப்பா அவர் முகத்தைப் பார்த்தாள். மப்ளரைப் பார்த்தாள். அப்புறம் அவர் தோளுக்கு மேலே பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"தொடப்பம்," என்று சொல்லிக் கையை நீட்டினாள்.

நேராக, அந்த நட்சத்திரம் இருந்த இடத்துக்கு.

டாக்டர் நிமிரவே கொஞ்ச நேரமாயிற்று. மற்றப் பிள்ளைகளும் வந்தார்கள். சிலர் காட்டினார்கள், சிலர் கை வானத்தில் எங்கெங்கோ அலைந்தது. கை அலைந்தவர்களை எல்லாம் தனியாக ஒரு பக்கம் உட்கார வைத்தார், அவர்களுக்கும் அந்த ஊசி மெட்ராஸிலிருந்து வந்தது. அதற்குள் கிழக்கு வெளுத்து நட்சத்திரம் கரைந்துவிட்டது. ஊர் கலைந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, அத்தனை நேரமும் அவர் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

"நீங்க பாக்கவே இல்லியே சார்," என்றேன்.

"பாத்துட்டேன்யா," என்று சொல்லி வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.

அந்தப் பாப்பாவுக்கு இப்போது பேரன் பேத்தி இருக்கிறார்கள். இடது கண் ஓரத்தில் எள்ளு அளவு வெள்ளை இருக்கும், பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. மேல்சித்தாமூர்த் தேருக்கு வந்தால் என்னை வந்து பார்க்காமல் போவதில்லை.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் தெருவுக்கும் போனோடு ஒரு பெண் வருவாள், ஒரு பையன் வருவான். அவர்களை உட்கார வைத்து, ஒரு வாய் தண்ணீர் கொடுத்து, இந்தக் கதையைச் சொல்லுங்கள். கேள்வி கேட்கும் முன்னே இந்த வீட்டில் எப்போது சாப்பிடுகிறார்கள் என்று பார்த்துக்கொள்ளம்மா என்று சொல்லுங்கள். வானத்தை எல்லாரும் பார்ப்பார்கள், நீ பிள்ளையின் விரலைப் பார் என்று சொல்லுங்கள். என் பேரைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு ஜட்காக்காரன் சொன்னான் என்றால் போதும்.